இறங்குதுறை இல்லாத கரை

திருகோணமலைத் துறைமுகத்தினுள் ஒரு பெருங்கப்பல் வந்து அணைவதைக் கரையில் நின்று காண்போர்க்கு அஃது எளிய செயலாகவே தோன்றும். குன்றுகள் சூழ்ந்த அமைதியான நீரிலே கப்பல் ஊர்ந்து வருகிறது, இறங்குதுறையை நெருங்குகிறது, மெல்லத் தொடுகிறது, கயிறுகள் வீசப்படுகின்றன, காரியம் முடிந்துவிடுகிறது. ஆயினும் அந்த ஒரு தொடுகைக்குப் பின்னால் எத்தனை உதவிகள் நிற்கின்றன! ஆழத்தை அளந்து வரைந்த கடற்படம் உண்டு. அவ்விடத்து நீரின் போக்கை நன்கறிந்த வழிகாட்டி ஒருவர் கப்பலில் ஏறி நிற்கிறார். இழுவைப் படகுகள் பக்கத்தில் நின்று தள்ளியும் இழுத்தும் உதவுகின்றன. துறையின் விளிம்பிலே றப்பர் மெத்தைகள் தொங்குகின்றன.

கிண்ணியாப் பாலம் 2009 ஆம் ஆண்டு திறக்கப்படுவதற்கு முன்னர், கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்குக் கடல்வழியே சென்று வந்த மூத்தோர் இதனை இன்னும் நன்கு உணர்வர். வாடைக்காற்று வீசும் மார்கழி மாதத்தில், அலையின் மேல் ஏறி இறங்கும் வள்ளம் துறையைத் தொடும் அந்தக் கணத்தில் உள்ளே இருப்போர் மூச்சடக்கிக் கொள்வர். வள்ளத்துக்கும் கல்லுக்கும் இடையில் அகப்பட்ட பழைய ரயர் நசுங்கும். அந்த அடியை ரயர் வாங்கிக்கொள்வதனாலேயே வள்ளத்தின் பலகை பிழைக்கும்.

இப்பொழுது வேறொரு கரையை எண்ணிப் பார்ப்போம். அங்கே கடற்படம் முழுமையானதன்று. வழிகாட்டி இல்லை, இழுவைப் படகு இல்லை, கயிறு பிடிப்பார் ஒருவரும் இல்லை. வந்து இறங்கும் கலம் தன் மெத்தையையும் தானே சுமந்துகொண்டு வரவேண்டும். அத்தகைய கரைதான் திங்கள். அத்தகைய கரைதான் செவ்வாய். திங்கள் ஒரு கோளன்று, புவியின் துணைக்கோளே. எனினும் வேற்றுலகில் இறங்கும் கலையை மனிதன் பயின்ற முதற் பள்ளிக்கூடம் அதுவேயாதலின், இறங்கு கலத்தின் உடலமைப்பை ஆராய்வோர் அங்கிருந்தே தொடங்குதல் முறை.

இக்கலையின் தொடக்கக் கனவுகளுள் ஒன்றோடு திருகோணமலைக் கடலை அறிந்த ஒருவரின் பெயரும் இணைந்துள்ளது. 1956 ஆம் ஆண்டு இலங்கையிற் குடியேறி, அதே ஆண்டில் சுவாமிமலைப் பாறையின் அடியிலே கடலுள் மூழ்கி, திருக்கோணேச்சரத்தின் பழைய கற்றூண்களைக் கண்ட ஆதர் சீ. கிளார்க் என்பாரே அவர். 1930 களின் இறுதியில், பிரித்தானியக் கோளிடைச் சங்கத்தின் தொழினுட்பக் குழுவினர், திங்களில் இறங்கத்தக்க ஒரு கலத்தை ஏட்டளவிலே வரைந்து வெளியிட்டனர். அக்குழுவில் இளைஞர் கிளார்க்கும் ஒருவர். எரிவிசையினால் வேகத்தைத் தணித்துக்கொண்டு, அதிர்ச்சியைத் தாங்கும் கால்களின் மேல் வந்து நிற்பதாக அக்கலம் கற்பனை செய்யப்பட்டிருந்தது. அன்று அதனை நகைத்தோர் பலர். ஆனால் பின்னர்த் திங்களுக்குச் சென்ற கலங்கள் பலவும் அந்த நெறியிலேதான் இறங்கின.

இறங்கு கலத்தை வகுப்போர் எதிர்கொள்ளும் இடர்கள் மூன்று. ஒன்று வேகம்; மற்றொன்று சாய்வு; மூன்றாவது பாரம்.

முதலில் வேகத்தை எடுத்துக்கொள்வோம். திங்களைச் சுற்றி வரும் கலம் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 1.6 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அங்கே காற்று இல்லையாதலின் பாரசூட் விரித்துப் பயனில்லை. எஞ்சினின் எரிவிசை ஒன்றினாலேயே அவ்வேகம் முழுவதையும் தணிக்கவேண்டும். எத்துணைத் திறமையாகத் தணித்தாலும் கடைசியிற் சிறிதளவு வேகம் எஞ்சியே நிற்கும். அந்த எச்சத்தை வாங்கிக்கொள்வது கால்களின் கடமை.

நொடிக்கு 3 மீற்றர் வேகத்தோடு ஒரு கலம் தரையைத் தொடுகிறது என வைத்துக்கொள்வோம். நமது மண்ணிலே ஒரு முழ உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம் அஃது. கேட்பதற்கு மிகச் சிறிதாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் கலம் எவ்வளவு தூரத்திற்குள் நிறுத்தப்படுகிறது என்பதிலேதான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு விரற்கடைக்குள், அதாவது 2 சென்ரிமீற்றருக்குள் நிறுத்தினால், கலத்தின் ஒவ்வோர் உறுப்பும் புவியில் தனக்குள்ள எடையைப்போல் 23 மடங்கு விசைக்கு உள்ளாகும். ஒரு சாண் தூரத்திற்குள் நிறுத்தினாலோ, அவ்விசை 2 மடங்காகக் குறைந்துவிடும். விரற்கடைக்கும் சாணுக்கும் உள்ள இந்த வேறுபாடே, நுண்ணிய கருவிகள் நொறுங்குவதற்கும் பிழைப்பதற்கும் உள்ள வேறுபாடு ஆகும்.

அங்ஙனமாயின் காலுக்குள் ஒரு சுருள்வில்லை வைத்துவிட்டால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். கேட்கத்தக்க கேள்வியே. வில் அடியை வாங்கிக்கொள்ளும்; ஆனால் வாங்கியதை உடனே திருப்பியும் கொடுத்துவிடும். ஈர்ப்பு மிகுந்த புவியிலே அதனாற் பெருந்தீங்கு இல்லை. திங்களின் ஈர்ப்போ புவியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கு. அங்கே வில்லின் மேல் விழுந்த கலம் துள்ளியெழுந்து புரண்டுவிடக்கூடும். ஈர்ப்பு இன்னும் நலிந்த இடத்தில் நேர்ந்த ஒன்றை இங்கு நினைவுகூரலாம். 2014 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு வால்வெள்ளியின் மேல் இறங்கிய பிலே என்னும் ஐரோப்பியக் கலத்தில், தரையைப் பற்றுவதற்கென வைத்த ஈட்டிகள் பாயவில்லை. தொட்ட கலம் துள்ளி மேலெழுந்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அலைந்து, ஈற்றில் வெயில் போதாத ஒரு நிழலிடுக்கிற் போய் விழுந்தது.

ஆகவே வகுப்போர் தேடியது, அடியை வாங்கியபின் அதனைத் திருப்பிக் கொடாத ஒரு பொருளை. அதனைத் தேனீயினிடத்திலே கண்டனர் என்று சொல்லலாம். மெல்லிய அலுமினியத் தகடுகளை அறுகோண அறைகளாக ஒட்டி அமைத்தால் தேனடை போன்ற ஒரு கட்டு உண்டாகிறது. அதனை நெடுக்கே அழுத்தினால், ஓர் எல்லைவரை உறுதியாக எதிர்த்து நிற்கும். எல்லை கடந்ததும், ஏறக்குறைய ஒரே சீரான எதிர்ப்போடு மடிந்து மடிந்து நசுங்கும். நசுங்கியது மீண்டும் நிமிராது. மோதலின் ஆற்றல் அனைத்தும் தகடு மடிவதிலேயே செலவாகிவிடுகிறது. அமெரிக்கரை 1969 ஆம் ஆண்டு திங்களில் இறக்கிய கலத்தின் கால்களுக்குள் இருந்தது இத்தகைய அலுமினியத் தேனடையே. இந்தியாவின் சந்திரயான் இறங்கு கலத்தின் கால்களும் இதே நெறியில் அமைந்தவை. ஒருமுறை நசுங்கி அழிவதற்கென்றே செய்யப்படும் உறுப்பு அது. அழிவதே அதன் தொழில்.

இரண்டாவது இடர் சாய்வு. நம் வீட்டு உரலையும் உலக்கையையும் நினைத்துக்கொண்டால் இதனை விளக்க வேறு படம் வேண்டியதில்லை. உரலைச் சற்றுச் சரிந்த தரையில் வைத்தாலும் அது நிற்கும்; உலக்கையைச் சமதரையில் நிறுத்துவதே அரிது. அடி அகன்று, பாரம் தாழ்ந்து இருக்கும் பொருள் கவிழாது. 2024 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் திங்களின் தென்பகுதியில் இறங்கிய ஒடிசியஸ் என்னும் அமெரிக்கத் தனியார் கலம் ஏறத்தாழ 4 மீற்றர் உயரமுடையது. அது பக்கவாட்டு வேகத்தோடு தரையைத் தொட்டதனால் ஒரு கால் முறிந்து சாய்ந்துவிட்டது. 2025 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இறங்கிய புளூ கோஸ்ற் என்னும் மற்றொரு கலமோ தாழ்ந்து அகன்ற வடிவினது. அது நிமிர்ந்து நின்றது. சாய்வுக்கு உயரம் ஒன்றே காரணமன்று. கருவிகளின் பிழையும் சேர்ந்தே வரும். எனினும் பிழை நேரும் பொழுது பொறுத்துக்கொள்வது உரலின் வடிவமே.

சாய்வோடு சேர்த்துத் தரையின் தன்மையையும் எண்ணவேண்டும். கால் ஊன்றும் மண் கல்லா, புழுதியா? திங்களின் மேற்பரப்பு ஆழ்ந்த தூசியாயிருக்கும், இறங்கும் கலம் அதனுள் அமிழ்ந்துவிடும் என்ற அச்சம் ஒருகாலத்தில் அறிஞரிடையேயும் இருந்தது. 1966 ஆம் ஆண்டு சோவியத்து நாட்டின் லூனா 9 கலமும், பின்னர் அமெரிக்காவின் சேவேயர் 1 கலமும் அமிழாது நின்றபொழுதே அவ்வச்சம் தீர்ந்தது. மணலில் நடக்கும் ஒட்டகத்தின் பாதம் விரிந்திருப்பதுபோல, கலத்தின் ஒவ்வொரு காலின் நுனியிலும் அகன்ற தட்டு அமைக்கப்படுவது இதன் பொருட்டே.

திங்களின் மண்ணை இங்கே இருந்தபடியே சோதிப்பது எவ்வாறு? இவ்விடத்திலே தமிழ்நாட்டின் ஒரு மூலை இக்கதையினுள் நுழைகிறது. நாமக்கல் மாவட்டத்திலுள்ள சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களின் பாறை அனோர்த்தசைற் என்னும் வகையைச் சேர்ந்தது. திங்களின் மேட்டு நிலங்களில் உள்ள பாறையும் அவ்வகையினதே. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து மண்ணியலாளரின் துணையோடு அக்கல்லைத் தெரிந்தெடுத்து, நொறுக்கிப் பொடியாக்கி, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் செயற்கைத் திங்கள் மண்ணை ஆக்கினர். இறங்கு கலத்தின் கால்களும், ஊர்தியின் சக்கரங்களும் அம்மண்ணின் மேலேயே சோதிக்கப்பட்டன. ஊரார் காலங்காலமாக மிதித்து நடந்த கல், வேற்றுலகத்து மண்ணுக்குப் பதிலாள் ஆயிற்று.

மூன்றாவது இடர் பாரம். கால்களை இரும்புத் தூண்கள்போல் அமைத்துவிட்டால் முறியமாட்டா என்பது மெய்யே. ஆனால் ஒரு கிலோகிராம் உலோகம் கூடினால், அதனைத் தூக்கிச் செல்லவும் தணித்து இறக்கவும் எரிபொருள் கூடும். அல்லது ஆராய்ச்சிக் கருவிகளிற் சிலவற்றை விட்டுச் செல்ல நேரும். ஆதலின் எந்த உறுப்பு வலிதாயிருக்க வேண்டும், எது மெலிதாயிருக்கலாம், எது உடைந்தாலும் குற்றமில்லை என்று முன்கூட்டியே தீர்மானிப்பதே இத்தொழிலின் உயிர்நாடி.

கரைக்குக் கரை துறை வேறாவதுபோல, கோளுக்குக் கோள் இக்கலத்தின் அமைப்பும் வேறாகிறது. வெள்ளியிலே வளி புவியின் வளியைப்போல் ஏறத்தாழ 90 மடங்கு அழுத்தமுடையது. வெப்பமோ ஈயத்தை உருக்கும். அங்கே 1970 ஆம் ஆண்டு இறங்கிய சோவியத்து வெனேரா 7, ஆழ்கடலில் மூழ்கும் கலம்போல் தடித்த உருண்டை உடலோடு செய்யப்பட்டது. செவ்வாயின் வளி, புவியின் வளியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானது. சூட்டை உண்டாக்க அது போதும். கலத்தைத் தாங்கப் போதாது. ஆதலின் அங்கே வெப்பக் கவசமும் வேண்டும், பாரசூட்டும் வேண்டும், அதன் மேலும் ஒன்று வேண்டும். 1997 ஆம் ஆண்டு பாத்ஃபைண்டர் என்னும் கலம் காற்றடைத்த பைகளாற் சூழப்பட்டுப் பந்துபோல் பதினைந்து தடவைக்கு மேல் துள்ளி அடங்கியது. 2012 ஆம் ஆண்டு ஏறக்குறைய 900 கிலோகிராம் நிறையுள்ள கியூரியோசிற்றி ஊர்தியைப் பைகளால் தாங்க இயலாதெனக் கண்டு, வானில் எரிவிசையால் நின்ற ஒரு தாங்கியிலிருந்து கயிறுகளினாற் கீழே இறக்கினர். கிணற்றில் வாளியை விடுவதுபோன்ற அச்செயல், வழிகாட்டுவார் ஒருவருமின்றிக் கலத்தின் கணிப்பொறியாலேயே நிகழ்ந்தது.

இவையெல்லாம் வென்றவற்றின் கதை. ஆயினும் இறங்கு கலத்தின் அமைப்பைப் பற்றி நமது அண்டை நாடு கற்ற பாடம், தோல்வியிலிருந்தே பிறந்தது.

2019 ஆம் ஆண்டு செப்டெம்பர் 7 ஆம் நாள், பின்னிரவிலே, சந்திரயான் 2 இன் விக்கிரம் என்னும் இறங்கு கலம் திங்களை நோக்கித் தாழ்ந்துகொண்டிருந்தது. 2.1 கிலோமீற்றர் உயரம் வரை எல்லாம் எதிர்பார்த்தபடி நடந்ததென்றும், பின்னர்த் தொடர்பு அறுந்ததென்றும் அன்றிரவு அறிவித்தனர். விழித்திருந்த கோடிக்கணக்கானோர் கலங்கினர். கலம் திங்களின் மேல் வன்மையாக மோதி அழிந்திருந்தது. அவ்வேகத்தின் முன் எந்தக் காலும் எந்தத் தேனடையும் உதவியிரா.

காரணத்தை ஆராய்ந்தோர் கண்டவை பின்னர் வெளிப்படையாகவே கூறப்பட்டன. கலத்தின் ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததினும் சற்று மிகுந்த விசையைத் தந்தன. அதனால் உண்டான சிறு சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. அவற்றைத் திருத்தவேண்டிய நேரத்தில், படம் எடுப்பதற்காகக் கலம் அசையாது நிற்கும்படி கட்டளை பெற்றிருந்தது. பின்னர்த் திருத்த முற்பட்டபொழுது, அது விரைந்து திரும்புவதற்கு அதன் கணிப்பொறியில் எழுதிய வரம்பு இடங்கொடுக்கவில்லை. இறங்கவேண்டிய இடமோ 500 மீற்றர் நீளமும் 500 மீற்றர் அகலமும் கொண்ட சிறு சதுரம். அந்தச் சதுரத்தை எட்டிப் பிடிக்கவேண்டும் என்பதற்காக, தரையை நெருங்கிய நிலையிலும் கலம் வேகத்தைக் கூட்ட முயன்றது. ஒவ்வொரு விதியும் தனித்தனியே நியாயமானதே. எல்லாம் செவ்வனே நடக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டமையே அவற்றின் குறை.

அடுத்த கலத்தை வகுத்தபொழுது கேள்வியே மாறியது. வெற்றி எவ்வாறு கிட்டும் என்று கேட்டு அமைப்பதை விடுத்து, எவை எவை தவறக்கூடும், தவறினாலும் கலம் பிழைக்க என்ன செய்யலாம் என்று கேட்டு அமைத்தோம் என அப்போதைய தலைவர் சோமநாத் விளக்கினார். திட்டத்தை நடத்தியவர் விழுப்புரத்திலே ஓர் இரயில்வே ஊழியரின் மகனாகப் பிறந்து, அவ்வூரிலேயே கற்றுத் தொழினுட்பக் கல்வியிற் படிப்படியாக உயர்ந்த வீரமுத்துவேல்.

அவர்கள் செய்த மாற்றங்கள் எளியவை, ஆனால் ஆழ்ந்தவை. ஐந்தாவது எஞ்சினை நீக்கினர். கால்களை வலிதாக்கினர், நொடிக்கு 2 மீற்றர் வேகத்துக்கென இருந்த வரம்பை 3 மீற்றராக உயர்த்தினர். வேகம் ஒன்றரை மடங்காயின் மோதலின் ஆற்றல் இரண்டேகால் மடங்காகும். அவ்வளவையும் கால்கள் தாங்கவேண்டியதாயிற்று. எரிபொருளைக் கூட்டினர். லேசர் ஒளியால் வேகத்தை நேரே அளக்கும் கருவியொன்றைச் சேர்த்தனர். கலம் எத்திசை நோக்கி நின்றாலும் வெயிலைப் பெறும்படி கதிரொளித் தகடுகளை மிகுத்தனர். இறங்கும் இடத்தை 4 கிலோமீற்றர் நீளமும் 2.4 கிலோமீற்றர் அகலமும் உள்ளதாக விரித்தனர். பழைய சதுரத்தினும் அது 38 மடங்கு பெரிது. முன்னைய கலம் 1,471 கிலோகிராம். புதியது ஏறத்தாழ 1,750 கிலோகிராம். பாரத்துக்கு இவ்வளவு அஞ்சும் தொழிலில் இவ்வளவு பாரத்தைக் கூட்டத் துணிந்தமை, பிழைக்கு இடம் வைப்பதன் விலை இன்னதென்று அவர்கள் அறிந்து கொடுத்தமையைக் காட்டும்.

2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 23 ஆம் நாள், மாலை 6 மணி கடந்து 4 நிமிடம். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம். கோணேசர் மலையின் மேல் அந்திப்பொழுது. அன்று வளர்பிறை, அரைத்திங்களை எட்டிய நிலவுக்குரிய நாள். அந்நிலவின் தென்பாகத்தில், 69 பாகை அகலக்கோட்டின் அருகே, விக்கிரம் என்ற அதே பெயரைத் தாங்கிய கலம் நான்கு காலையும் ஊன்றி நின்றது. திங்களின் தென்துருவத்தை அடுத்த பகுதியில் மெல்ல இறங்கிய முதற் கலம் அதுவே. செப்டெம்பர் மாதம் 3 ஆம் நாள் அதன் எஞ்சின்களை மீண்டும் சில கணம் இயக்கினர். ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் மேலெழுந்த கலம் சற்றே விலகி மறுபடியும் நலமாக இறங்கியது. ஒருமுறை அடிபட்ட கால்கள் இரண்டாம் முறையும் தாங்கின.

இதனோடு பொருத்தி எண்ணத்தக்க பழைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1969 ஆம் ஆண்டு யூலை மாதம் ஆம்ஸ்ற்றோங் தம் கலத்தை மிக மென்மையாக இறக்கியமையால், காலுக்குள் இருந்த தேனடை நசுங்கவேண்டிய அளவுக்கு நசுங்கவில்லை. கலம் சற்று உயரத்திலேயே நின்றது. ஏணியின் கடைசிப் படியிலிருந்து மண்ணுக்கு ஒரு நெடிய எட்டுக் குதிக்கவேண்டி வந்தது. தேனடை வீணாயிற்று என்று எவரும் சொல்லார். நேராத பிழைக்காகச் சுமந்து சென்ற அந்த மெத்தையே, துணிந்து இறங்கும் மனத்தை மாலுமிக்குத் தந்தது.

பள்ளியிலே கணக்கைத் தவறாகச் செய்த மாணவன் தன் விடையை உடனே அழித்துவிட விரும்புவான். அழிக்காமல் வைத்து, எந்த வரியில் தவறு புகுந்தது என்று பார்ப்பவனே அடுத்த கணக்கைச் சரியாகச் செய்கிறான். 2019 இல் நிகழ்ந்ததை மறைக்காமல் வரிவரியாகப் படித்தமையே 2023 இல் நான்கு கால்களாக ஊன்றி நின்றது.

திருகோணமலை இறங்குதுறையின் பக்கம் மாலையிற் செல்வோர், அங்கே தொங்கும் நைந்த மெத்தைகளையும் ரயர்களையும் ஒருகால் உற்று நோக்கட்டும். அவை பார்வைக்கு அழகியன அல்ல. நசுங்கி, கறுத்து, உப்பு ஏறிக் கிடக்கின்றன. எத்தனையோ வள்ளங்களின் பலகை முறியாமல் இருப்பதற்காக அவை அங்கே கட்டப்பட்டன. அவற்றை முதன்முதலிற் கட்டியவன், கடல் என்றும் அமைதியாயிராது என்பதையும், எத்துணைத் தேர்ந்த மாலுமிக்கும் ஒருநாள் கை சற்றுத் தவறும் என்பதையும் அறிந்திருந்தான். இறங்குதுறை இல்லாத கரையை நோக்கிக் கலம் விடுவோர்க்கும் அந்த அறிவே முதலாவதாக வேண்டப்படுகிறது.